ஓடு உரிந்த பானையும் எரிந்த லாஞ்சியும்

1

ஊரில் இன்று மாதா கோவில் தேர். இங்கே நார்வேயில், பெர்கனில் காலையிலிருந்து மழை. இந்த ஊரில் மழை பெய்கிறது என்று எழுதுவது தூத்துக்குடியில் வெயில் அடிக்கிறது என்று எழுதுவது மாதிரி, அதில் செய்தியே இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். இன்றைக்கு நான் பானை சுட வெட்டவெளியில் நெருப்பு மூட்ட வேண்டும். அதற்கு நகராட்சியிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். தேதியை மாற்றினால் மறுபடியும் முதல் படிவத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பதினொரு மணிக்கு ஊரிலிருந்து என் அண்ணன் சூசை போனில் வருவார். அவருக்குத் தொண்டையில் புற்று. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "தொண்டைல தண்ணி எறங்க மாட்டேங்கு பிலோமி. ஆனா ஒங்கிட்ட பேசணும் பேசணும்னு எங்க உயிர வாங்குதாவ. அதுவும் தேர் அன்னைக்குத்தான் பேசணுமாம்" என்றாள் மதினி.

ஏன் தேர் அன்றைக்கு என்று எனக்குத் தெரியும். எழுபதுகளில் ஒரு தேர் நாளில்தான் அவர் ஒரு லாஞ்சியை எரித்தார். விசைப்படகை எங்கள் பக்கம் லாஞ்சி என்போம். அதற்குள் ஓர் ஆள் இருந்தார், செத்துப்போனார். ஆள் இருந்தது தெரியாமல் எரித்துவிட்டேன் என்று போலீஸிடமும் கோர்ட்டிலும் ஊரிலும் சொல்லிச் சொல்லியே அண்ணன் கிழவனாகிவிட்டார்.

ஆள் இருந்தது எனக்குத் தெரியும். எரிப்பதற்கு முன்னால் அண்ணன் என்னிடம் வந்துதான் கேட்டார். யாருமில்லை என்று சொன்னது நான்.

இதை இதுவரை எவரிடமும் நான் சொன்னதில்லை. கட்டினவரிடம் சொல்லவில்லை, பெற்ற பிள்ளைகளிடம் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நின்று மூன்று சாமியார்களிடம் வாயெடுத்து, வேறு ஏதோ சில்லறைப் பாவத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். இன்றைக்கு அண்ணன் கண்ணை மூடுவதற்குள் அவரிடம் சொல்லிவிட வேண்டும். பழியை அவர் ஒருவரே சுமந்துகொண்டு போகக்கூடாது. விடிந்ததிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

2

பானைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் கேட்பீர்கள். நியாயம்தான். கடற்கரைக்காரி, மண்ணைத் தொட்டதே கிடையாது.

என் வீட்டுக்காரர் அந்தோணி இறந்த பிறகு நான் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன் என்று மகள் ஸ்டெல்லாவுக்குக் கவலை. அவள் ஆஸ்லோவில் இருக்கிறாள். என்னைக் கேட்காமலே ஒரு மண்பாண்ட வகுப்பில் பேர் கொடுத்துவிட்டாள். அவள் நார்வேஜியனில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். மெதுவாகப் பேசினால் அவளுக்குத் தமிழ் புரியும். எங்கள் ஊர்க்காரர்கள் பேசுகிற வேகத்துக்கு ஒன்றும் புரியாது. மகன் கிறிஸ்துமஸுக்கு மட்டும் கூப்பிடுவான், வானிலை சொல்லிவிட்டு வைத்துவிடுவான். குறை சொல்லவில்லை. நான் எதைச் சொல்லி வளர்த்தேன், அவர்கள் என்னிடம் எதைச் சொல்ல?

வகுப்பை நடத்துகிறவள் இங்கெர். என் வயதுதான், தோளைப் பார்த்தால் வள்ளம் தள்ளியவள் என்று நினைப்பீர்கள். அவள் சொல்லித் தந்ததுக்குப் பேர் நேக்கட் ராக்கு. அதாவது நிர்வாண ராக்கு; ராக்கு என்பது ஜப்பான்காரர்களின் சுடுமுறை. பேர் வைத்திருக்கிற லட்சணத்தைப் பாருங்கள். முதல் நாள் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

செய்முறை இதுதான். பானையை வழவழவென்று தேய்த்து, இளஞ்சூட்டில் ஒருமுறை சுட்டு எடுக்க வேண்டும். அதன்மேல் கூழ் மாதிரி ஒரு களிமண் பூச்சு. அதற்கும் மேலே கண்ணாடிப் பூச்சு. மறுபடி சூளையில் வைத்து, பானை செக்கச்செவேலென்று ஆகும்போது நீண்ட இடுக்கியால் பிடித்து அப்படியே வெளியே இழுக்க வேண்டும். காற்றுப் பட்டதும் மேல்பூச்சு டிக் டிக்கென்று வெடிக்கும். உடனே மரத்தூள் நிரப்பிய தகர வாளிக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். தூள் குப்பென்று பற்றும். வெடிப்புகள் வழியே புகை உள்ளே இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் தண்ணீர் தெளித்தால் இரண்டு பூச்சும் சேர்ந்து ஓடு ஓடாக உரிந்து விழும். உள்ளே வெள்ளை உடம்பு, அதில் வெடித்த இடமெல்லாம் கறுப்புக் கோடு. ஒரு பாண்டத்தைச் சுட்டு, திணறடித்து, தோலை உரிப்பதுதான் இந்தக் கலை. மற்றவர்கள் இதை ஆகா என்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது நான் பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஆனால் ஓடு உரிப்பதில் வகுப்பில் என்னை அடிக்க ஆளில்லை. மற்றவர்கள் கத்தியால் சுரண்டுவார்கள். நான் இரண்டு கட்டைவிரல் நகத்தையும் ஓரத்தில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடும். "இதை எங்கே கற்றாய்?" என்று இங்கெர் கேட்டாள். இறாலில் என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

நெருப்பு மூட்ட அனுமதி கேட்டுப் போன கதையைச் சொல்லாமல் விட்டால் தலை வெடித்துவிடும். எத்தனை வருஷம் இருந்தும் என் நார்வேஜியன் அவசரத்தில் குப்புற விழும். கோப்பைகளுக்கு இங்கே கொப்பெர். உடல்களுக்கு க்ரொப்பெர். கோப்பைகள் சுட வேண்டும் என்று சொல்வதற்குப் பதிலாக, தோட்டத்தில் உடல்களை எரிக்க அனுமதி வேண்டும் என்று கவுண்டரில் கணீரென்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்து, எத்தனை என்று மெதுவாகக் கேட்டாள். ஒன்று என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

3

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை. புதுத் துறைமுகம் வந்து ஊரே பெரிதாகிக்கொண்டிருந்த நேரம். வெளிநாட்டுக்காரன் இறாலுக்குப் பறந்தான், லாஞ்சிகள் பெருகின. லாஞ்சிகள் அணையும் மீன்பிடிப் பாலத்தை ஒட்டி நீளமான கொட்டகை, உள்ளே பலகையில் நாற்பது ஐம்பது பெண்கள். ஐஸுக்குள் கையை விட்டு விட்டு விரல் செத்துப்போகும். இறால் தலையில் இருக்கிற முள் நகக்கண்ணில் ஏறினால்கூட வீட்டுக்குப் போய்த்தான் வலிக்கும்.

மேஸ்திரி ஒருவன் இருந்தான். கையில் ரப்பர் குழாய். பேசினால் அடி, தாமதித்தால் அடி, ஓட்டோடு சதை போனால் அடி. ஒருநாள் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைத்தாய்ச்சியின் முதுகில் போட்டான். எனக்கு எங்கிருந்து வந்ததோ, இறால் தலை நிறைந்த சட்டியைத் தூக்கி அவன் மூஞ்சியில் கொட்டிவிட்டேன். முள்ளெல்லாம் கன்னத்தில் குத்தி ரத்தம். குழாயை ஓங்கிக்கொண்டு வந்தான். நடுவில் ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையெல்லாம் கிரீஸ்.

"பொம்பளப் புள்ள மேல கை வைக்காதீரும் வே. பெறகு நான் வச்சிருவேன்."

அவர்தான் சுடலைமுத்து. கம்பெனி லாஞ்சியில் எஞ்சின் பார்க்கிறவர். புதுக்கோட்டைப் பக்கத்துப் பனங்காட்டு ஊர். நம்ம புதுக்கோட்டைதான், திருநெல்வேலி ரோட்டில் இருக்கிறது. வீட்டில் எல்லாரும் கடை வைக்க, இவருக்கு மட்டும் எஞ்சின் பைத்தியம். கொட்டகையில் எல்லாருக்கும் அவர் எஞ்சின் அண்ணாச்சி. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கொஞ்ச நாளில் அண்ணாச்சி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

பார்த்துப் பேசியதெல்லாம் லாஞ்சியின் எஞ்சின் அறையில்தான். அவர் குடிக்க மாட்டார். பாலத்தில் எல்லாரும் கேலி செய்வார்கள். "ஏலே, பனங்காட்டுல பொறந்துட்டு கள்ளத் தொடாதவன் நீ ஒருத்தன்தாம்ல" என்பார்கள். "எங்க ஐயா குடிச்சு குடிச்சு எங்க அம்மைய அடிச்சதப் பாத்தாச்சு, போதும்" என்பார். ஊரில் தங்கச்சி செல்லக்கனி இருக்கிறாள், அவளைக் கட்டிக் கொடுத்ததும் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். எங்கே என்று கேட்டேன். எஞ்சின் இருக்கிற எந்த ஊருக்கும் போகலாம் என்றார்.

எங்கள் வீட்டில் அவரைப் போன்ற இந்துக்களை அஞ்ஞானி என்றுதான் சொல்வார்கள். அதற்கு முந்தின வருஷம் தெருவில் ஒருத்தி வேற்று ஆளோடு பஸ் ஏறப் பார்த்தாள். அவளுடைய அண்ணன்மார் முடியைப் பிடித்துத் தரையில் இழுத்து வந்ததைக் சிலுவை நட்ட குருசடிப் பக்கம் நின்று ஊரே பார்த்தது. என் அண்ணனும் பார்த்தார். "வெட்டிப் போட்டிருக்கணும்" என்றார்.

4

அண்ணன் வள்ளத்தில், அதாவது எஞ்சின் இல்லாத படகில், போகிறவர். லாஞ்சிக்காரன் கரையை ஒட்டி வந்து மடிவலை இழுத்தால் வள்ளத்துக்காரன் வலை நார் நாராகிவிடும். கேட்டால் அடிதடி. நடுக்கடலில் துடுப்பால் அடித்து மண்டையைப் பிளப்பதும் கல்லெறிவதும் அப்போது வாராவாரம். நான் உரித்த இறாலெல்லாம் என் அண்ணன் வலையைக் கிழித்து வந்த இறால். அந்தச் சோற்றைத்தான் எல்லாரும் தின்றோம். அதையும் சொல்லி அவர் சட்டியை எட்டி உதைப்பார்.

தேருக்கு நாலு நாள் முன்னால் கம்பெனி லாஞ்சி ஒரு வள்ளத்தின் மேல் ஏறிவிட்டது. எங்கள் பெரியப்பா மகன் லாசரின் கால் லாஞ்சிக்கு அடியில் சுழலும் விசிறியில் சிக்கியது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. ஓட்டினவன் வேறு ஆள். சுடலைமுத்து கீழே எஞ்சினில் இருந்தார். "ஒரு சத்தம் கேட்டுச்சு ளா. மரத்தச் சவட்டுத மாதிரி. மனுசன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லி அழுதார்.

வீட்டில் எவரும் அழவில்லை. அண்ணன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

தேர் அன்றைக்கு எங்கள் கரையில் ஒருவனும் கடலுக்குப் போகமாட்டான். வள்ளமோ லாஞ்சியோ, அன்றைக்கு அதில் ஆள் இருக்கக்கூடாது. இருந்தால் மாதாவுக்கு ஆகாது. காவலுக்குக்கூட ஆள் போடமாட்டார்கள். கலத்துக்கெல்லாம் குருத்தோலை கட்டிவிட்டு எல்லாரும் கோவிலுக்கு வந்துவிடுவார்கள். எங்கள் கணக்கில் திருநாள் என்றால் உலகத்துக்கே திருநாள். சுடலைமுத்துவுக்கு அன்றைக்கு என்ன நாள் என்று ஒருவரும் யோசிக்க மாட்டார்கள்.

நான் யோசித்தேன். பாலத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது, இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று யோசித்தேன். "தேர் நகந்ததும் கறிச்சோறு கொண்டாரேன். எங்கயும் போயிராதீங்க. எஞ்சின் ரூம்லயே இருங்க" என்று முந்தின நாள் சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். அடுப்படியில் தூக்குவாளியில் சோறு அமுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசற்படியில் வந்து நின்றார்.

"ஏளா, நேத்து கம்பெனிக்குப் போனல்லா. அந்த லாஞ்சில எவனும் கெடக்கானா?"

அவர் கையில் மண்ணெண்ணெய் வாடை. எரிக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்று ரொம்ப காலம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். மூக்கு பொய் சொல்லாது. ஆள் இருக்கிறது என்று சொன்னால், எவன் என்பார். அது உனக்கு எப்படித் தெரியும் என்பார். அரிவாள் பின்வாசலில் சாத்தியிருந்தது.

"யாருமில்லண்ணே. எல்லாவனும் தேருக்கு வந்துட்டான்."

அவர் உடனே போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத் தெரியுமா?"

"யாருமில்ல."

போய்விட்டார். நான் முந்திக்கொண்டு ஓடி சுடலைமுத்துவை இறக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தூக்குவாளியோடு தெருவில் இறங்கினால் தேர் நகர்ந்துவிட்டது. ஊர் முழுக்க ரோட்டில். பெரியம்மா என் கையைப் பிடித்து, "எங்க ளா ஓடுத? லாசருக்காக வேண்டிக்கிட்டு வடத்தத் தொடு" என்று இழுத்துக்கொண்டு போனாள். உதறினேன், கன்னத்தில் அறைந்தாள். வடத்தைத் தொட்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது. கடல் பக்கம் கறுப்பாகப் புகை எழும்பியபோது கூட்டத்தில் யாரோ வெடி போடுகிறார்கள் என்றார்கள்.

5

நான் வடத்தை விட்டு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது லாஞ்சி முழுக்க எரிந்துகொண்டிருந்தது. எஞ்சின் அறை மூடியைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு சுடலைமுத்து மேலே வந்தார். வேட்டி, சட்டை, தலைமுடி எல்லாம் நெருப்பு. கடலில் குதித்தார். டீசல் சிந்தித் தண்ணீரும் எரிந்தது.

கரையில் நின்றவர்களில் முதலில் குதித்தது என் அண்ணன். அவரோடு கொளுத்த வந்த நாலு பேரும் ஓடிவிட்டார்கள். இவர் எரிகிற தண்ணீருக்குள் நீந்திப் போய் அவர் இரண்டு கையையும் பிடித்துப் படியில் இழுத்தார். இழுத்தபோது முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் தோல் அப்படியே கழன்று அண்ணன் கையோடு வந்துவிட்டது. உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. இதை எழுதவேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டால் வேறு எதை எழுதியும் பிரயோசனமில்லை.

அவர் என்னைப் பார்த்தார். தூக்குவாளி என் கையில் இருந்தது. நான் அவர் பேரைச் சொல்லவில்லை. அவரைத் தெரிந்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

அண்ணனைப் போலீஸ் அங்கேயே பிடித்தது. ஸ்டேஷனில் பாதத்தில் அடித்து அடித்து, பிறகு அவர் நேராக நடந்ததே இல்லை. பாளையங்கோட்டையில் ஜெயில். கோர்ட்டில் அவர் சொன்னது இரண்டு. ஒன்று, ஆள் இருப்பது தெரியாது. இரண்டு, செத்தவன் போதையில் உள்ளே விழுந்து கிடந்திருக்கிறான், ஆள் உண்டா என்று நாங்கள் கூப்பிட்டும் பதில் வரவில்லை. குடிகாரன் குடிச்சுட்டுக் கிடந்து செத்தான் என்று ஊரே முடித்துவிட்டது. கம்பெனிக்கும் அது வசதியாக இருந்தது. கோர்ட் வாசலில் செல்லக்கனி மண்ணை வாரித் தூற்றினாள் என்று கேள்விப்பட்டேன். "எங்க அண்ணன் குடிக்க மாட்டான்" என்று கத்தினாளாம். பொம்பளை அழுகை, யார் கேட்பார்கள்?

என்னிடம் கேட்டதைப் பற்றி மட்டும் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடி தாங்காமல்கூடச் சொல்லவில்லை. தங்கச்சியைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அந்த நன்றிக்கடனில்தான் இத்தனை காலம் அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாமல் இருந்தேன்.

மூன்று மாதத்தில் எனக்குக் கல்யாணம். அந்தோணி நார்வேக் கப்பலில் வேலை பார்த்தவர், தங்கமான மனிதர். இங்கே குடியேற்ற அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள், பிறந்த வீட்டில் சிறை சென்றவர் யாரும் உண்டா என்று. யாருமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். கை பழகிவிட்டிருந்தது.

6

காலையில் எழுதியது மேலே உள்ளது. இனி வருவதை நாலு நாள் கழித்து எழுதுகிறேன்.

அன்றைக்கு மழை கொஞ்சம் விட்டது. இங்கெர் சூளையைப் பற்றவைத்தாள். ஸ்டெல்லா ஆஸ்லோவிலிருந்து வந்திருந்தாள், கையில் போனை வைத்துக்கொண்டு படம் எடுத்தாள். பானை சிவந்ததும் நானே இடுக்கியால் இழுத்தேன். அது டிக் டிக்கென்று வெடித்தது. வாளியில் இறக்கி மூடினேன். "ஐந்து நிமிடம், அதற்கு மேல் விடாதே. புகை அதிகமானால் உடம்பு முழுக்கக் கறுத்துவிடும்" என்றாள் இங்கெர். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

அண்ணன் குரல் குரலாகவே இல்லை. தகரத்தில் மணலைத் தேய்ப்பதுபோல் இருந்தது.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நான் மொதல்ல சொல்லிருதேன்" என்றேன். "அன்னைக்கு லாஞ்சில ஆள் கெடக்கானான்னு எங்கிட்ட கேட்டீங்கல்லா? யாருமில்லன்னு சொன்னேன். எனக்குத் தெரியும்ண்ணே. அவரு உள்ளதான் இருந்தாரு. நான்தான் இருக்கச் சொன்னேன். பாவம் உங்களுதில்ல, என்னோடது."

சொல்லிவிட்டேன்.

"தெரியும் ளா."

"என்ன தெரியும்?"

"அவன் உள்ள கெடந்தது. காலையிலயே பாத்துட்டேன். ஒனக்கும் அவனுக்கும் உள்ளதும் தெரியும். அதுக்குத்தான் ஒங்கிட்ட வந்து கேட்டேன்."

எனக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள் என்றேன்.

"ஆள் இருக்குன்னு நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா விட்டிருப்பேன். மாதா மேல சத்தியம். என்ன சொல்லுதான்னு பாக்கத்தான் வந்தேன். ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் யாருமில்லன்ன. சரி, இவளே அவன யாருமில்லன்னுட்டா, பெறகு எனக்கென்னன்னு போய்க் கொளுத்திட்டேன். அவன் அலறுன பெறகுதான் எனக்குப் புத்தி வந்துச்சு. குதிச்சேன்." இருமினார். "எங்கிட்ட நீ மன்னிப்புக் கேக்காத. நாந்தான் கேக்கணும். அதுக்குத்தான் போன் போடச் சொன்னேன்."

மூத்தவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. அன்றைக்கு வாயில் வந்தது இதுதான்.

"ஏலே சூச! கொலகாரப் பாவி! தெரிஞ்சு கொளுத்திட்டு, தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நின்னியேல! நான் தெனம் தெனம் செத்தேனேல! நீ என்னக் காப்பாத்துனன்னுல்ல நெனச்சேன்!" தோட்டமே கேட்கக் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஸ்டெல்லா என் தோளைப் பிடித்தாள், தட்டிவிட்டேன்.

"வையி ளா. நல்லா வையி."

"அவரு குடிச்சிருந்தாருன்னு சொன்னியே, அது?"

"வக்கீல் சொல்லச் சொன்னாரு. அவன் ஒரு சொட்டு தொட மாட்டான்னு எனக்கும் தெரியும்." பிறகு ரொம்ப மெதுவாக, "நான் கேட்டேன், நீ சொன்ன. ரெண்டு பேரும் சேந்துதான் ளா கொன்னோம்" என்றார்.

போனை மதினி வாங்கி, அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் நேற்றுப் போய்விட்டார். சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அடக்கத்துக்கு நான் போகவில்லை.

7

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாளி அப்படியே இருந்தது. ஐந்து நிமிடமெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. என் கத்தலில் இங்கெரும் அதை மறந்துவிட்டாள். மூடியைத் திறந்து பானையை வெளியே எடுத்தேன். தண்ணீர் தெளிக்கிற பொறுமை இல்லை. சூட்டோடு நகத்தைக் கொடுத்து நெம்பினேன். இரண்டு கட்டைவிரலும் பொத்துப்போயின. இங்கெர் கத்தினாள். நான் உரித்துக்கொண்டே இருந்தேன். ஓடு முழுக்க விழுந்த பிறகு பார்த்தால் ஒரு பக்கம் கோடு கோடாக நன்றாக வந்திருக்கிறது, மறு பக்கம் ஒரேயடியாகக் கறுத்துவிட்டது.

ஸ்டெல்லா என் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் பேசிய வேகத்தில் அவளுக்குப் பாதிகூடப் புரியவில்லை. அவள் நார்வேஜியனில் கேட்கவில்லை, தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள்.

"அம்மா, படகுல யாரு இருந்தாங்க?"

அந்தப் பேரை அவர் செத்த பிறகு நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னேன். அவளுக்கு 'சுடலை' வாயில் நுழையவில்லை. மூன்று தடவை திருத்திச் சொல்லிக் கொடுத்தேன், மூன்றாம் தடவை சரியாகச் சொன்னாள்.

கட்டைவிரலில் கட்டோடுதான் இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது இன்னொரு வெளிநாட்டுக்காரியின் புலம்பலாகத் தோன்றினால் தள்ளிவிடுங்கள். புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் மட்டும் எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். அங்கே செல்லக்கனி என்று ஒரு பெண் உண்டு, இப்போது அறுபதுக்கு மேல் இருக்கும். அண்ணன் பேர் சுடலைமுத்து, லாஞ்சியில் எஞ்சின் பார்த்தவர், தேர் அன்றைக்குத் தீயில் செத்தவர் என்று கேட்டால் யாராவது வீட்டைக் காட்டுவார்கள். அவள் இருந்தால் அவளிடம், இல்லாவிட்டால் அவள் பிள்ளைகளிடம், இந்தக் கடைசி இரண்டு வரியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

செல்லக்கனி, உங்கள் அண்ணன் குடிக்கவில்லை. சோறு கொண்டுவருகிறேன், இங்கேயே இருங்கள் என்று நான் சொன்னேன், அதனால் இருந்தார்.